எக்ஸ் அச்சில் 30 மைக்ரான்: மின் இரைச்சலைத் தேடிப் பிடித்த ஒரு சர்வீஸ் குழு பற்றி

கோவை கணபதியில் நான் நடத்தும் ஜாப் ஒர்க் பட்டறையில் இரண்டு சிஎன்சி லேத்துகளும் (கணினி ஓட்டும் கடைசல் இயந்திரங்கள்), பழைய இயந்திரமாக வாங்கிய ஒரு விஎம்சியும் (கணினி ஓட்டும் மில்லிங் இயந்திரம்) ஓடுகின்றன. பம்ப் கம்பெனிகளுக்கு பேரிங் ஹவுசிங், கவர் போன்ற வார்ப்பு உதிரிகளைக் கடைந்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். கடந்த அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்த விஎம்சியின் எக்ஸ் அச்சு காலையில் சரியான அளவு காட்டி, நாற்பதாவது உதிரி இறங்குவதற்குள் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை நகர்ந்துவிடும் கோளாறு எங்களைப் படுத்தி எடுத்தது. அந்தக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்த இரண்டு பேர் கொண்ட சர்வீஸ் குழுவைப் பற்றியே இந்த மதிப்புரை. இப்போதுள்ள வேலையே இரண்டு பேருக்கும் மிஞ்சியிருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் பெயரைத் தவிர்க்கிறேன். அவர்கள் வேலை செய்த முறையை விரிவாக எழுதினால், இதே தொல்லையில் இருக்கும் வேறு பட்டறைக்காரர்கள் யாரை அழைத்தாலும் அவரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும் என நம்புகிறேன்.

முதலில் கோளாறின் பின்னணி. எங்கள் விஎம்சியில் 10 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள பால் ஸ்க்ரூ (ஒரு சுற்றுக்கு அச்சை 10 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டு) நேரடியாக சர்வோ மோட்டாருடன் இணைந்திருக்கிறது. மோட்டாரின் பின்னால் உள்ள, சுழற்சியை அளக்கும் என்கோடர் ஒரு சுற்றுக்கு 2500 பல்ஸ் தருகிறது, கட்டுப்பாட்டு அமைப்பு அதை நான்கால் பெருக்கி 10,000 எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கிறது. ஆக, ஓர் எண்ணிக்கை என்பது சரியாக ஒரு மைக்ரான். இல்லாத பல்ஸை இருப்பதாக எண்ணிக்கொண்டாலோ, இருக்கும் பல்ஸைத் தவறவிட்டாலோ, ஒவ்வொரு பிழைக்கும் அச்சு ஒரு மைக்ரான் இடம் மாறும், திரையிலோ எந்த அலாரமும் வராது. திரையில் காட்டும் எண் சரியாக இருக்க, உதிரி மட்டும் தப்பாக வருவதுதான் இந்த வகைக் கோளாறின் கொடுமை. ஆபரேட்டர் ஆஃப்செட்டை (கன்ட்ரோலரில் கொடுக்கும் அளவுத் திருத்தத்தை) மாற்றுவார், மறுநாள் காலை மெஷினை ஆன் செய்து ஹோம் எடுத்ததும் (அச்சைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கியதும்) அந்தத் திருத்தமே புதிய பிழையாகிவிடும். இரண்டு மாதத்தில் நாங்கள் ஒதுக்கித் தள்ளிய ஹவுசிங்குகளை எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

இந்தக் குழு வருவதற்கு முன்பே இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் என்கோடர் போய்விட்டது என்று சொல்லி 14,000 ரூபாயில் புது என்கோடர் மாற்றினார். இன்னொருவர் எர்த் சரியில்லை என்று சொல்லிக் கட்டடத்துக்குப் பின்னால் 22,000 ரூபாயில் புதிதாக எர்த் பிட் ஒன்றைத் தோண்டி, அதிலிருந்து விஎம்சிக்கு மட்டும் தனிக் கம்பி இழுத்தார். இரண்டுக்கும் பிறகு கோளாறு அப்படியே இருந்தது. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, ஏனெனில் இருவருமே பொதுவாக நடக்கும் ஒன்றை ஊகித்தார்கள். ஆனால் ஊகத்தைச் சோதித்துப் பார்க்காமலேயே பொருளை மாற்றியதால் செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது.

மூன்றாவதாக அழைத்த இந்தக் குழு, தொலைபேசியில் பேசிய அன்றே வரவில்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டு, அதற்குள் ஆபரேட்டர் எழுதி வைக்க வேண்டியவற்றை ஒரு பக்கத்தில் அட்டவணையாக அனுப்பினார்கள். எந்த நேரம், எந்த புரோகிராம், ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) என்ன வேகம், கூலன்ட் ஓடியதா, பக்கத்து லேத் ஓடியதா, ஹோம் எடுத்த பிறகு அளவு திரும்பியதா என்று ஆறே கேள்விகள். காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒன்பது நாள் குறிப்புதான் வேலையைப் பாதியாகக் குறைத்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அச்சு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதற்கும் பிழைக்கும் தொடர்பே இல்லை, ஸ்பிண்டில் எவ்வளவு நேரம் சுழன்றது என்பதோடுதான் பிழை கூடியது என்று அந்தத் தாளைப் பார்த்தவுடனேயே தெரிந்தது.

வந்த முதல் நாள் காலையில் அவர்கள் பேனலைத் திறக்கவே இல்லை. ஒரு மைக்ரான் காட்டும் டயலை மேசையில் பொருத்தி, எக்ஸ் அச்சு இங்கும் அங்கும் ஓடி ஒரே இடத்துக்குத் திரும்பும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதி, ஸ்பிண்டிலை நிறுத்தி வைத்து 200 முறை ஓட்டினார்கள். டயல் ஒரு மைக்ரானுக்கு மேல் மாறவில்லை. அதே புரோகிராமை, உலோகத்தைத் தொடாமல், ஸ்பிண்டிலை மட்டும் சுழலவிட்டு 200 முறை ஓட்டியபோது டயல் 14 மைக்ரான் நகர்ந்திருந்தது. வெட்டு விசை இல்லை என்பதால் கிளாம்பிங், டூல் தேய்மானம் ஆகிய சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்தன. ஸ்பிண்டில் சூட்டில் உலோகம் விரிகிறதோ என்று நான் கேட்டேன். அதற்கு வாயால் பதில் சொல்லாமல் ஹோம் எடுத்துக் காட்டினார்கள், டயல் உடனே பழைய இடத்துக்கே வந்து நின்றது. சூட்டினால் வந்த விரிவாக இருந்தால் ஹோம் எடுத்ததும் மறைந்துவிடாது. மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே உள்ள கப்ளிங் வழுக்கியிருந்தாலும், ஹோம் எடுத்த பிறகும் பிழை அப்படியே நின்றிருக்கும், ஏனெனில் ஹோம் புள்ளி என்கோடரின் குறிப்புப் பல்ஸை வைத்தே எடுக்கப்படுகிறது. மிஞ்சியது எண்ணிக்கைப் பிழை ஒன்றுதான். ஒரு டயலையும் இரண்டு மணி நேரத்தையும் கொண்டு, எந்தப் பொருளையும் மாற்றாமல், இயந்திரப் பகுதியையும் மின் பகுதியையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியதை என் இருபது ஆண்டுத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

ஸ்பிண்டிலை ஓட்டுவது 7.5 கிலோவாட் விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ். ஒன்றரை வருடத்துக்கு முன் பழைய ஸ்பிண்டில் டிரைவ் எரிந்தபோது உள்ளூரில் மாற்றியது அது. 415 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரத்தை விஎஃப்டி முதலில் ஏறக்குறைய 587 வோல்ட் டிசியாக மாற்றி, பிறகு அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. எங்கள் டிரைவில் அந்த வேகம் 8 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு வெட்டும் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறி இறங்குவதால், மோட்டார் கேபிளுக்கும் பக்கத்தில் உள்ள எந்த உலோகத்துக்கும் இடையே உள்ள சிறு கெப்பாசிட்டன்ஸ் வழியே கூட மின்னோட்டம் கசிகிறது. பட்டறையில் நாம் நாய்ஸ் என்று சொல்வது இதைத்தான். அவர்கள் சோதனைக்காக அந்த 8 கிலோஹெர்ட்ஸை 4 ஆகக் குறைத்தபோது மோட்டார் கீச்சென்று கத்தியது, ஆனால் 14 மைக்ரான் பிழை 8 ஆகக் குறைந்தது. அப்படியே விட்டுவிடலாமே என்று நான் ஆசைப்பட்டேன். இது நோயைக் காட்டும் சோதனைதான், மருந்து இல்லை என்று சொல்லி மறுபடியும் 8 கிலோஹெர்ட்ஸுக்கே கொண்டு வந்தார்கள்.

மதியம் பேனல் திறந்தார்கள். அதற்கு முன் மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் காத்திருந்து, டிசி டெர்மினலில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கையை உள்ளே விட்டார்கள். மெயின் அணைந்த பிறகும் விஎஃப்டியின் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்ட் தங்கியிருக்கும் என்பது தெரிந்தும் அவசரப்படும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒழுக்கத்துக்காகவே இவர்களை மறுபடி அழைப்பேன்.

உள்ளே கண்டது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனெனில் அது எங்கள் கையால் நடந்தது. ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் பேனலைத் தூசி தட்டித் துடைத்தபோது, தாறுமாறாகத் தொங்கிய கேபிள்களை எல்லாம் அழகாக ஒன்றுசேர்த்து கேபிள் டை போட்டு ஒரே டக்டில் (கேபிள்கள் செல்லும் பெட்டிக்குழாயில்) அடக்கியிருந்தார்கள் எங்கள் பையன்கள். சந்தனம், குங்குமத்தோடு பார்க்க லட்சணமாக இருந்த அந்தக் கட்டில், ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக வலை உறை) இல்லாத ஸ்பிண்டில் மோட்டார் கேபிளும் எக்ஸ் அச்சின் என்கோடர் கேபிளும் இரண்டரை மீட்டர் தூரத்துக்கு ஒட்டிப் படுத்திருந்தன. கேபிள்களை வகை பிரித்து ஓட்டுவது கட்டாயம் என்பது இத்துறையில் பழைய பாடம். சிஎன்சி கன்ட்ரோலர் தயாரிக்கும் ஃபனூக் நிறுவனத்தின் இணைப்புக் கையேடுகள் கேபிள்களை ஏ, பி, சி என மூன்று குழுக்களாக வகுத்து, மெயின் மின்சாரமும் மோட்டார் மின்சாரமும் செல்லும் ஏ குழுவை, என்கோடர் போன்ற சிக்னல்கள் செல்லும் சி குழுவிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளியே கட்ட வேண்டும் என்கின்றன. எங்களுடையது வேறு கன்ட்ரோலர் என்றாலும் மின்காந்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அதைவிட நுட்பமானது இரண்டாவது தவறு. என்கோடர் கேபிளின் மேல் உறையைச் சிறிது நீக்கி, உள்ளே உள்ள ஷீல்டு வலை உலோகக் கிளாம்பால் எர்த் பட்டையோடு அழுத்தமாகப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். துடைப்பதற்காகக் கழற்றிய அந்தக் கிளாம்பைத் திரும்பப் போட்டவர், இரண்டு விரல்கடை தள்ளி, பிவிசி உறையின் மேலேயே இறுக்கியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் கிளாம்ப் இருக்கிறது, இறுக்கமாகவும் இருக்கிறது. மின்சாரத்துக்கோ அங்கே ஒன்றுமே இல்லை. மோட்டார் பக்கத்தில் அதே ஷீல்டு முறுக்கப்பட்டுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வாலாக நீண்டு ஒரு ஸ்க்ரூவில் முடிந்திருந்தது. மல்டிமீட்டர் வைத்தால் அந்த வால் பீப் அடிக்கும், நல்ல இணைப்பு என்றே தோன்றும். ஆனால் ஒரு மீட்டர் கம்பிக்குத் தோராயமாக ஒரு மைக்ரோ ஹென்ரி இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் வேகமாக மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு என்பதால், பத்து சென்டிமீட்டர் வாலே 10 மெகாஹெர்ட்ஸில் ஆறு ஓம் தடையாக நின்றுவிடும். 50 ஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லாத தடை, விஎஃப்டியின் ஒவ்வொரு வெட்டிலும் எழும் மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு மூடிய கதவாகிவிடுகிறது. ஷீல்டை அகலமாக, சுற்றிலும் தொடும்படி பிடிக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

என்கோடர் ஒவ்வொரு சிக்னலையும் அதன் தலைகீழ் வடிவத்தோடு இரட்டையாக அனுப்புகிறது, இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சலை வாங்கும் பக்கம் கழித்துவிட வேண்டும், பிறகு ஏன் பிழை வருகிறது என்று கேட்டேன். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் இரண்டு சேனல்களையும் அந்த இரட்டைக் கம்பிகளில் வைத்துக் காட்டினார்கள். இப்படி இரட்டைக் கம்பியில் வரும் சிக்னலைப் பெறும் ஆர்எஸ்-422 வகை வாங்கிகள் இரு கம்பிகளிலும் பொதுவாக ஏறும் வோல்ட்டை ஏழு வோல்ட் வரைதான் தாங்கும் என்று வரையறுக்கப்பட்டவை. எங்கள் கேபிளில் டிரைவ் வெட்டும் ஒவ்வொரு கணத்திலும் அதைத் தாண்டிய ஊசிமுனைகள் எழுந்தன. ஸ்பிண்டிலை நிறுத்தியதும் திரை கண்ணாடிபோல் தெளிந்தது.

எர்த் பிட் ஏன் பயன்படவில்லை என்பதற்கு அவர்களில் மூத்தவர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. "இந்த நாய்ஸுக்கு மண்ணுக்குள்ள போற ஆசையே இல்லீங்க, அது பொறந்த டிரைவுக்கே திரும்பிப் போகத்தான் வழி தேடுது. நாம பக்கத்துல வழி கொடுக்கலைன்னா சிக்னல் ஒயரைப் புடிச்சுட்டுப் போகும்" என்றார். அதோடு நில்லாமல், புது எர்த் பிட்டை விஎம்சிக்கு மட்டும் தனியாகக் கொடுத்திருப்பது ஆபத்து என்றும் எச்சரித்தார். எர்த் பிட்டின் தடை ஐந்து ஓம், சப்ளை பக்கத் தடை இன்னொரு ஐந்து ஓம் என்று வைத்துக்கொண்டால், பேஸ் கம்பி மெஷின் பாடியைத் தொட்டாலும் 23 ஆம்பியர்தான் பாயும். 63 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழவே விழாது, மெஷின் பாடி மின்சாரத்தோடு நின்றுகொண்டிருக்கும். அன்று மாலையே அந்தப் பிட்டைப் பட்டறையின் பொது எர்த்தோடு இணைத்துவிட்டார்கள். இதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. தனி எர்த் கொடுத்தால் நாய்ஸ் போகும் என்று நம்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்துவிட்டுத் தங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் முழுவதும் திருத்தும் வேலை. ஒரு மாற்றம், ஒரு சோதனை, அதன் பிறகே அடுத்த மாற்றம் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். முதலில் என்கோடர் கேபிளை டக்டிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிட்டு 200 முறை ஓட்டியபோது பிழை 3 மைக்ரானாகக் குறைந்தது. பிறகு கிளாம்பை ஷீல்டு வலையின் மேல் சரியாகப் போட்டு ஓட்டியபோது டயல் அசையவில்லை. இங்கே எல்லோரும் கை குலுக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவர்கள் கிளாம்பை மீண்டும் உறையின் மேல் நகர்த்தி, கேபிளை மீண்டும் பழைய டக்டில் படுக்க வைத்து, கோளாறை வேண்டுமென்றே திரும்ப வரவழைத்தார்கள். டயல் 13 மைக்ரான் நகர்ந்தது. கோளாறை நினைத்தபோது கொண்டுவரவும் நினைத்தபோது போக்கவும் முடிந்தால்தான் காரணத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியும் என்பது அவர்கள் கொள்கை. நான் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு இந்த அரை மணி நேரத்துக்கே தகும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நிரந்தர வேலை. ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு உள்ள மோட்டார் கேபிள் ஒன்பது மீட்டர் போட்டு, இரண்டு முனைகளிலும் ஷீல்டை சுற்றிலும் பிடிக்கும் உலோக கிளாண்டுகள் வைத்தார்கள். பேனலின் பின்தகட்டில் பெயின்ட் பூசியிருந்த இடங்களில், டிரைவ் உட்காரும் பகுதியைச் சுரண்டி உலோகம் தெரிய வைத்தார்கள். சிக்னல் கேபிள்களுக்குத் தனி டக்ட் அமைத்தார்கள், இரு வகையும் குறுக்கிட வேண்டிய ஒரே இடத்தில் செங்குத்தாகக் கடக்கும்படி விட்டார்கள். கூலன்ட் போடும்போது எப்போதாவது வந்துகொண்டிருந்த இன்னோர் அலாரத்துக்குக் காரணம் வேறு. பம்பை ஓட்டும் மின்காந்த சுவிட்சான கான்டாக்டரின் ஏசி காயிலில் சப்ரஸர் (எதிர்வோல்ட்டை அடக்கும் பொருள்) இல்லாததால், காயில் விடும்போது எழும் எதிர்வோல்ட் பேனலெங்கும் பரவியது. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்த சப்ரஸரைக் காயிலின் குறுக்கே போட்டதும், 24 வோல்ட் சோலனாய்டுகளுக்கு டயோடு வைத்ததும் அதை முடித்தன. கேபிளில் மாட்டி இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் வளையங்களை அவர்கள் கடைசியில் ஒரே ஓர் இடத்தில்தான் பயன்படுத்தினார்கள். வழியைச் சரிசெய்யாமல் வளையம் மாட்டுவது வீண் என்பது அவர்கள் கருத்து, அதில் எனக்கும் உடன்பாடே.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மெயின் வரும் பக்கத்தில் அவர்கள் 4,800 ரூபாய்க்கு ஒரு லைன் ஃபில்டர் பொருத்தினார்கள். எங்கள் எக்ஸ் அச்சுக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர்களுடைய டயலே காட்டியது. எங்கள் டிரைவின் இரைச்சல் அதே லைனில் உள்ள மற்றக் கருவிகளைப் பாதிக்காமல் இருக்க அது தேவை என்றார்கள், அது நியாயமான காரணம்தான், ஆனால் பொருத்துவதற்கு முன் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அந்த ஃபில்டருக்குள் எர்த்துக்குச் செல்லும் கெப்பாசிட்டர்கள் இருப்பதால் இயல்பாகவே சிறிது கசிவு மின்னோட்டம் இருக்கும், அதனால் மறுநாள் காலை 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டு முறை விழுந்து ஷிஃப்ட் நின்றது. சுவர் சாக்கெட்டுகளும் விஎம்சியும் ஒரே ஆர்சிசிபியில் இருந்தது எங்கள் பழைய வயரிங் தவறு என்றாலும், ஃபில்டர் போடுபவர் அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். போன் செய்ததும் வந்து, சாக்கெட்டுகளை மட்டும் 30 மில்லிஆம்பியரில் விட்டு, மெஷின் லைனைத் தனியாக 300 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதற்கும் கட்டணம் இல்லை.

அடுத்தது அறிக்கை. சோதனை எண்கள், ஆசிலோஸ்கோப் படங்கள், கேபிள் வழிகளின் வரைபடம் எல்லாம் கொண்ட ஆறு பக்க அறிக்கை கொடுத்தார்கள், இதைப் போன்ற ஒன்றை எந்த சர்வீஸ்காரரும் எனக்கு இதுவரை தந்ததில்லை. ஆனால் அது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. பேனலைத் துடைக்கப் போகிறவரும், கிளாம்பைக் கழற்றப் போகிறவரும் அதைப் படிக்கப் போவதில்லை. எழுத்து வடிவில் எந்த உத்தரவாதமும் தரவில்லை என்பதும், நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிளம்பியதும் எனக்குக் குறையாகவே தெரிகின்றன.

செலவுக் கணக்கு இது. முதல் பார்வைக்கு 2,500 ரூபாய், இரண்டு நாள் வேலைக்கும் அறிக்கைக்கும் 16,000 ரூபாய், கேபிள், கிளாண்டு, கிளாம்ப், ஃபில்டர், சப்ரஸர் முதலிய பொருட்களுக்கு 17,400 ரூபாய், ஆக 35,900 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதத்தையும் சேர்த்து 42,362 ரூபாய் கொடுத்தேன். பொருட்களின் விலையை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லி இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. இதற்கு முன் வீணாக்கிய 36,000 ரூபாயோடு ஒப்பிட்டால் இது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. வேலை முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. தினமும் மாலையில் ஹோம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் டயல் வைத்துப் பார்த்து எழுதி வருகிறோம், வித்தியாசம் இரண்டு மைக்ரானைத் தாண்டியதில்லை.

ஒரே ஒரு அலாரம் எண்ணுக்கு அவசரமாக ஆள் வேண்டும் என்பவர்களுக்கு இப்படிப்பட்ட குழு ஒத்துவராது, காத்திருக்கவும், ஒரு வாரம் பொறுமையாகக் குறிப்பெழுதவும் ஆபரேட்டர் தயாராக இருக்க வேண்டும். வந்து போகும், காரணம் தெரியாத கோளாறு என்றால் நான் தயங்காமல் இவர்களைத்தான் அழைப்பேன். இரண்டாவது லேத்தில் த்ரெட்டிங் செய்யும்போது ஸ்பிண்டில் என்கோடர் அலாரம் எப்போதாவது வருகிறது, அதற்காக அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறேன். இந்த முறை ஃபில்டர் எதையும் கேட்காமல் போடக் கூடாது, அறிக்கையின் கடைசிப் பக்கமாவது தமிழில் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டுக்கும் சரி என்றிருக்கிறார்கள். அதுவரைக்கும் எங்கள் ஆபரேட்டரே விஎம்சி பேனல் கதவின் உட்புறத்தில், எந்தக் கிளாம்பைக் கழற்றக் கூடாது, எந்த இரண்டு கேபிள்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது என்று தமிழில் எழுதிப் படம் வரைந்து ஒட்டி வைத்திருக்கிறார்.